ஹீட் பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி, பாப்பா…

புது வீட்டு மாடியில ஹீட் பம்ப் வைக்க பஞ்சாயத்துல பர்மிஷன் வாங்கணுமான்னு கேட்டிருந்தியே பாப்பா, முதல்ல அதுக்குப் பதில் சொல்லிடறேன். ஹீட் பம்புக்குன்னு தனியா ஒரு மனு, தனியா ஒரு அனுமதி நம்ம ஊர்ல கிடையாது. ஏசி அவுட்டோர் யூனிட் மாட்ட யாரும் பஞ்சாயத்து ஆபீஸ் போறதில்ல, இதுவும் அப்படித்தான். ஆனா அது நிக்கிற இடத்துக்குக் கட்டட விதி இருக்கு. அதுக்குப் போற கரண்டு ஈபி கணக்குல இருக்கு. அது உக்கார்ற மாடி யார் பேர்ல இருக்குன்னு ஒரு கேள்வி இருக்கு. அது போடற சத்தம் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். இந்த நாலையும் முடிச்சுட்டு மெஷினுக்குக் காசு கட்டு. ஊர்ல எல்லாரும் தலைகீழாப் பண்றாங்க. மெஷின் லாரியில வந்து இறங்கின பிறகுதான் லோடு பத்தாது, பைப் வரல, பக்கத்து வீட்டுல சண்டைன்னு ஒவ்வொண்ணா வெளிய வருது.

முதல்ல, உனக்கு இது தேவையா?

ஹீட் பம்ப்னா ஃப்ரிட்ஜ் பின்னாடி சூடா இருக்குமே, அதே வேலைதான். ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது. இது வெளிக் காத்துல இருக்கிற சூட்டை எடுத்து டேங்க் தண்ணிக்குள்ள தள்ளுது. கரண்டு தண்ணியை நேரடியா சூடாக்கறதில்ல, கம்ப்ரசரையும் ஃபேனையும் ஓட்ட மட்டும்தான் செலவாகுது. அதனாலதான் ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் அளவு சூடு கிடைக்குது.

கணக்கு போட்டுப் பாரு. நாலு பேர் குளிக்க ஒரு நாளைக்கு 150 லிட்டர் வெந்நீர்னு வெச்சுக்கோ. 25 டிகிரியில இருக்கிற தண்ணியை 55 டிகிரிக்குக் கொண்டு வரணும். கீசர்ல அதுக்கு 5.2 யூனிட் ஆகும். ஹீட் பம்புல 1.75 யூனிட்டுக்குள்ள முடிஞ்சுடும். ரெண்டு மாசத்துக்குக் கணக்கு பண்ணா கீசருக்கு 310 யூனிட்டுக்கு மேல, இதுக்கு சுமார் 105. நம்ம ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருது. 500 யூனிட்டைத் தாண்டினா கட்டண அடுக்கே மாறி, கீழ இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிடும். 480, 520னு அந்தக் கோட்டு மேலயே நடக்கற வீட்டுக்கு இந்த 200 யூனிட் பெரிய விஷயம்.

மார்கழி, தை ரெண்டு மாசம் மட்டும் வெந்நீர் போட்டுக்கிற வீடா? அப்ப வாங்காத. கீசரை விடப் பல மடங்கு விலை, அந்தக் காசு திரும்பி வராது. உங்க வீட்ல அத்தைக்கு முழங்கால் வலி, வருஷம் பூரா ரெண்டு வேளை வெந்நீர்லதான் குளிக்கிறாங்க, சின்னக் குழந்தையும் இருக்கு. அதனால உனக்கு சரிப்படும். மாடியில நல்ல வெயில் படற இடம் தாராளமா இருந்தா சோலார் வாட்டர் ஹீட்டரும் நல்ல பொருள்தான், கரண்டே வேணாம். ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில நாலஞ்சு நாள் மூடிக்கிட்டா உள்ள இருக்கிற கரண்டு காயிலைத்தான் போடணும். ஹீட் பம்புக்கு வெயில் வேணாம், சூடான காத்து இருந்தா போதும். நம்ம தர்மபுரிக் காத்துக்குச் சூட்டுல குறைச்சலே இல்ல.

பிளான்ல என்ன காட்டணும்

நீ இன்னும் பில்லர் மட்டத்துலதான் இருக்கே, அது ரொம்ப நல்லதாப் போச்சு. தமிழ்நாட்டுல 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் நகராட்சி, பேரூராட்சி, கிராமப் பஞ்சாயத்து எல்லாத்துக்கும் பொது. 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறையும் வந்திருக்கு. மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளமோ அதுக்கு மேல ஒரு மாடியோ இருந்தா, ஒற்றைச் சாளர இணையதளத்துல நாமே உறுதி குடுத்து, கட்டணம் கட்டி, அனுமதியை இறக்கிக்கலாம். முன்கூட்டி யாரும் வந்து இடம் பார்க்க மாட்டாங்க.

இது சுலபம்னு எல்லாரும் சொல்றாங்க, சுலபம்தான். ஆனா 'சுயசான்று'ன்னா கையெழுத்து நம்மது, பொறுப்பும் நம்மது. பிளான்ல காட்டாததைப் பின்னாடி கட்டினா, அதிகாரி பாஸ் பண்ணிட்டாருன்னு யார் மேலயும் பழி போட முடியாது. அதனால வரைபடம் போடற இன்ஜினியர்கிட்ட இப்பவே மூணு விஷயம் சொல்லிடு.

ஒண்ணு, டேங்க் உக்கார்ற மேடை. 200 லிட்டர் டேங்க் தண்ணியோட, மெஷினோட சேர்ந்து 300 கிலோ பக்கம் வரும். அதுவும் ஒரே இடத்துல நிக்கும். ஆள் நடமாடற மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிப்படி சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ பாரம்தான் கணக்கு. அதனால சிலாப் நடுவுல வைக்கக் கூடாது, பீம் போற கோட்டு மேல, பில்லர் பக்கமா ஒரு கான்கிரீட் மேடை போட்டு வைக்கணும். கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி சொன்னா இன்ஜினியருக்கு அது ஒரு பென்சில் கோடு. தட்டோடு ஒட்டி முடிச்ச பிறகு சொன்னா உடைக்கணும், உடைச்ச இடத்துல அடுத்த மழைக்கு ஒழுகும்.

ரெண்டாவது, பைப். வெந்நீருக்கு சிபிவிசி பைப் தனி லைனாப் போகணும். சாதா பிவிசி வெந்நீருக்கு இளகிடும். மாடியிலருந்து பாத்ரூம் வரைக்கும் தூரம் குறைவா இருக்கற மாதிரி மேடையை வை. தூரம் கூடினா, குழாயைத் திறந்ததும் பச்சைத் தண்ணி ஒரு பக்கெட் வீணாப் போன பிறகுதான் சூடு வரும். வெயில்ல கிடக்கிற பைப்புக்கு மேல உறை போடச் சொல்லு.

மூணாவது, மறைப்பு. இங்கதான் நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க. மெஷினுக்கு வெயில் படுது, மழை படுதுன்னு நாலு பக்கமும் சுவர் எழுப்பி மேல ஷீட் போட்டு ஒரு ரூமாக்கிடறாங்க. ரூமாயிட்டா அது கட்டடம், அதுக்கு அனுமதி வேணும். அனுமதியை விடு, மெஷினுக்கே அது ஆகாது. அது காத்துல இருக்கிற சூட்டை எடுத்துட்டு குளிர்ந்த காத்தை வெளிய விடுது. அடைச்ச ரூம்ல அதே குளிர்ந்த காத்தையே திரும்பத் திரும்ப இழுக்கும், சூடு ஏற ரொம்ப நேரம் ஆகும். மேல ஒரு சின்ன சாய்ப்பு போதும், பக்கமெல்லாம் திறந்து இருக்கட்டும். சோலார் பேனலை உயரமா ஸ்டாண்ட் போட்டு வைக்கறவங்களும் இதே தப்புதான் பண்றாங்க. பேனலுக்குக் கீழ நிழல் கிடைக்குதேன்னு தகரம் அடிச்சு வாடகைக்கு விட்டா, அப்புறம் அது சோலார் ஸ்டாண்டு இல்ல.

மாடியில வைக்காம கீழ வைக்கணும்னா, வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல விடற பக்கத் திறப்பு கண்ணுல படும். அந்த இடம் திறந்த வெளியா இருக்கணும்னுதான் விதியே வெச்சிருக்கு. அங்க நிரந்தரமா மேடை கட்டறது, காம்பவுண்டு மேல பிராக்கெட் அடிச்சுப் பக்கத்து மனைக்குள்ள மூக்கை நீட்ட விடறது, ரெண்டுமே வேணாம். மெஷின் அடியில சொட்டு சொட்டாத் தண்ணி வடியும், ஏசியில வர்ற மாதிரி. அந்தத் தண்ணியும் உன் மனைக்குள்ளயே வடிகாலுக்குப் போகணும். அடுத்தவங்க சுவர்ல ஈரம் ஏறினா நியாயம் அவங்க பக்கம்தான்.

சர்வீஸ் யார் பேர்ல?

அனுமதி அனுமதின்னு நாம பேசறதுல பாதி ஈபி ஆபீஸ்லதான் இருக்கு. உன் வீட்டுக்கு இப்ப இருக்கிறது கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பு. அதை வீட்டு இணைப்பா மாத்தின பிறகு மெஷினை ஓட்டு. தற்காலிக இணைப்புல வெந்நீர் போட்டா வீட்டுக் கட்டணம் வராது, யூனிட்டுக்கு யூனிட் அதிகம்தான். மாத்தறதுக்குக் கட்டட முடிப்புச் சான்று கேப்பாங்களோன்னு மாப்பிள்ளை பயந்துட்டு இருந்தார். 14 மீட்டர் உயரத்துக்குள்ள, 750 சதுர மீட்டருக்குள்ள, 8 குடியிருப்புக்குள்ள இருக்கிற வீடுகளுக்கு அந்தச் சான்று வேணாம்னு 2024-லயே விதியைத் திருத்திட்டாங்க. உன் வீடு அதுல பாதி கூட வராது, தைரியமா மனு போடச் சொல்லு.

மனு போடும்போதே லோடைச் சரியா எழுதணும். நம்ம பக்கம் பழைய வீடுகளோட சர்வீஸ்ல ஒரு கிலோவாட், ரெண்டு கிலோவாட்னுதான் இருக்கும், அது ஃபேனும் டியூப் லைட்டும் மட்டும் ஓடின காலத்துக் கணக்கு. வீட்டுக்கான ஹீட் பம்ப் ஒரு கிலோவாட் பக்கம்தான் இழுக்கும். ஆனா உள்ள உதவிக்குன்னு ஒரு கரண்டு காயில் இருக்கும், அது தனியா ஒன்றரை, ரெண்டு கிலோவாட். மோட்டார், மிக்சி, கிரைண்டர், ஏசி எல்லாத்தையும் கூட்டி, நாளைக்கு வாங்கப் போறதையும் சேர்த்து எழுது. கூட்டினா மூணு ஃபேஸ் வேணும்னு வந்தா இப்பவே வாங்கிடு. கம்பம் ஏறி ஒயர் மாத்தற வேலை ஒரு தடவையோட போகட்டும்.

அம்மா வீட்டுக்கும் இதே மாதிரி வைக்கலாம்னு தம்பி சொல்றான். அங்க வேற சிக்கல். சர்வீஸ் இன்னும் தாத்தா பேர்ல இருக்கு. ஈபி கார்டுல தாத்தா பேரு, வீட்டு வரி அப்பா பேர்ல, பட்டா கூட்டுப் பட்டா. பில் கட்டற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. லோடு கூட்டணும், சோலார் போடணும்னு போனா முதல் கேள்வியே, 'இந்தப் பேர்ல இருக்கிறவர் எங்க?' அதனால பெயர் மாற்றம் முதல்ல. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்ககிட்ட சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது, இதெல்லாம் ஒரு ஃபைல்ல சேர்க்கச் சொல்லியிருக்கேன். பெரியப்பா பசங்க கையெழுத்தும் வேணும், அதை பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போது வாங்கிடறது உத்தமம். போன்ல கேட்டா சந்தேகப்படுவாங்க, எதிர்ல உக்காந்து விளக்கினா புரிஞ்சுப்பாங்க.

ஒயரிங்ல ஒரே ஒரு விஷயத்துல மட்டும் சிக்கனம் பார்க்காத. தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கற மெஷின் இது. தனி லைன், தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா விழற சுவிட்ச்), நல்ல எர்த். நம்ம ஊர் மண் பாறை மண், வெயில் காலத்துல எலும்பு மாதிரி காஞ்சு போகும். அப்ப எர்த் குழி பேருக்குத்தான் இருக்கும். குழியைத் தொட்டிக்குப் பக்கத்துல, தண்ணி வடியற இடத்துல போடச் சொல்லு. லைசென்ஸ் இருக்கிற ஒயர்மேன் எர்த் டெஸ்டர் வெச்சு அளந்து காட்டணும், பல்பு எரியுதுன்னு காட்டறது டெஸ்ட் இல்ல. ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை நீயே அமுக்கிப் பாரு, டக்குனு விழணும்.

சோலாரும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், நான் போடச் சொல்லித்தான் சொல்வேன். 2024 பிப்ரவரியில தொடங்கின பிரதமரின் சூர்ய கர் திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய்னு மானியம் வெச்சிருக்காங்க. மத்திய அரசு அதே மாசம் மின் நுகர்வோர் உரிமை விதியைத் திருத்தி, 10 கிலோவாட் வரைக்குமான கூரை சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே மனுவை ஏத்துக்கிட்டதா எடுத்துக்கணும்னு சொல்லிட்டாங்க. மனு ஆன்லைன்ல, சர்வீஸ் நம்பர் வெச்சுத்தான். சர்வீஸ் பேர், ஆதார் பேர், பேங்க் அக்கவுண்ட் பேர் மூணும் ஒண்ணா இருக்கட்டும். மானியத்துக்குப் பேனல் இந்தியாவுல செஞ்ச செல் போட்டதா இருக்கணும், பதிவு பண்ண ஒப்பந்தக்காரர்தான் மாட்டணும். மூணு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேணும், நல்ல வெயில் நாள்ல 12 யூனிட் பக்கம் வரும்.

இங்க ஒரு எச்சரிக்கை. வீடு வீடா வர்ற ஆளுங்க, 'மேடம், ஹீட் பம்புக்கும் சேர்த்து மானியம் வாங்கித் தர்றோம்'னு பேசுவாங்க. இந்த மானியம் கரண்டு தயாரிக்கிற பேனலுக்கு மட்டும்தான். சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு குடுத்துட்டு இருந்த மானியமும் 2014-லயே நின்னு போச்சு. மானியம் வாங்கித் தர்றதுக்குன்னு முன்பணம் கேட்டா குடுக்காத. மானியம் உன் அக்கவுண்டுக்கு நேரா வரும், நடுவுல யார் கையும் படாது.

ஹீட் பம்புல டைமர் இருக்கும். காலையில குளிக்கணும்னு விடியக்காலை நாலு மணிக்கு ஓடற மாதிரி வைக்காத. பகல் 12 மணியிலருந்து மூணு மணிக்குள்ள ஓட்டு. அந்த நேரத்துல காத்து ரொம்பச் சூடா இருக்கும், மெஷின் கம்மியா உழைக்கும். சோலார் இருந்தா கரண்டும் அப்பதான் வருது. டேங்க்கைச் சுத்திப் பஞ்சு மாதிரி தடிமனான உறை இருக்கிறதால மறுநாள் காலை வரைக்கும் சூடு நிக்கும். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலை மேல இருக்கிற சொந்தக்காரங்க கேட்டா இதை அழுத்திச் சொல்லு. அங்க மார்கழி விடியக்காலைக் குளிர்ல ஓட்டினா மெஷின் திணறும், நடுப்பகல்ல ஓட்டினா பிரச்சினையே இல்ல.

பக்கத்து வீட்டுக்காரங்க

இங்கிலாந்துல இப்ப நிறைய வீடுகள்ல ஹீட் பம்ப் வைக்கறாங்க, வீட்டையே சூடாக்க அதுதான். சமீப காலம் வரைக்கும் எல்லைச் சுவர்லருந்து ஒரு மீட்டர் தள்ளி வெச்சாத்தான் அனுமதி இல்லாம வைக்க முடியும்னு அங்க விதி. சின்னச் சின்ன மனைக்காரங்களுக்கு அந்த ஒரு மீட்டரே கிடைக்காம நின்னு போச்சு. 2025 மே 29-ல இருந்து அதை எடுத்துட்டாங்க. ஆனா சத்தத்துக்கான வரம்பை மட்டும் எடுக்கல, பக்கத்து வீட்டு ஜன்னல்ல எவ்வளவு கேக்கும்னு கணக்கு போட்டுத்தான் வைக்கணும். ஏன்னா தூரத்தை விட சத்தம்தான் உண்மையான சண்டைக்குக் காரணம்.

நம்ம நாட்டுலயும் 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்து மணியிலருந்து காலை ஆறு வரைக்கும் 45 டெசிபல்தான் அளவு. ஹீட் பம்ப் போடற சத்தம் பெருசில்ல, ஏசி அவுட்டோர் மாதிரி ஒரு ம்ம்ம்ம்ன்னு இருக்கும். ஆனா ராத்திரி ஊர் அடங்கின பிறகு அது மட்டும்தான் கேக்கும். எங்க தெருவுல ஒரு வீட்ல மாடிப் படிக்குப் பக்கத்துல வெச்சாங்க. அதுக்கு நேர் எதிர்ல அடுத்த வீட்டுப் பாட்டி படுக்கற ரூம் ஜன்னல். மெஷின் நல்ல மெஷின்தான், கால்ல ரப்பர் வைக்காம நேரா சிலாப் மேல வெச்சதால அதிர்வு சுவர் வழியா இறங்கிடுச்சு. கடைசியில தடிமனான ரப்பர் போட்டு, டைமரைப் பகலுக்கு மாத்தினதும் பேச்சு வார்த்தை மறுபடி ஆரம்பிச்சது. முதல் நாளே இந்த ரெண்டையும் பண்ணிடு. வைக்கறதுக்கு முன்னாடி உன் பக்கத்து வீட்டு அக்காவை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், இங்கதான் வைக்கப் போறேன், உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமான்னு கேளு. எந்த விதியிலயும் இது இல்ல, ஆனா எனக்குத் தெரிஞ்சு இதை விடப் பெரிய அனுமதி கிடையாது.

டவுன்ல ஃபிளாட்ல இருக்கிற சித்தி பொண்ணுக்கும் சொல்லிடு. மொட்டை மாடி பொது இடம், மேல் மாடியில இருக்கோம்னு அது நம்மதாயிடாது. 2022-ல வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி பொதுப் பகுதி எல்லா வீட்டுக்காரங்களுக்கும் பங்கு. சங்கத்துல தீர்மானம் போட்டு, எந்த மூலை, எந்த பைப் வழின்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் ஆள் கூப்பிடணும். வாடகை வீட்ல இருக்கிறவங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி, காலி பண்ணும்போது மெஷின் யாருது, பைப் யாருதுன்னு அதுலயே எழுதிக்கட்டும்.

நம்ம ஊர்த் தண்ணி

கம்பெனி விளம்பரத்துல சொல்லாதது இதுதான், நம்ம ஜில்லாவுக்கு இதுதான் முக்கியம். உங்க போர் தண்ணியில துவைச்சா சோப்பு நுரைக்கறதில்ல, பக்கெட் விளிம்புல வெள்ளையா ஓடு கட்டுது. அது உப்பு, சுண்ணாம்பு. தண்ணி சூடாகச் சூடாக அது வேகமாப் படியும். பழைய கீசர் காயிலைக் கழட்டினா முட்டை ஓடு மாதிரி பொருக்குப் பொருக்கா உதிரும். ஹீட் பம்ப் டேங்க்கும் அதுக்குத் தப்பாது. ஓடு படிஞ்சா சூடு தண்ணிக்குப் போகாது, மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், நீ மிச்சம் பண்ண யூனிட் எல்லாம் அங்க போயிடும்.

மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி போர் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு, தர்மபுரியில இருக்கிற குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்துல குடு. கடினத்தன்மை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு எழுதித் தருவாங்க. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200, வேற வழியில்லன்னா 600 வரைக்கும். டீலர்கிட்ட, 'இந்தத் தண்ணிக்கு வாரண்டி குடுப்பீங்களா, எத்தனை வரைக்கும்?'னு அந்தச் சீட்டைக் காட்டிக் கேளு. நிறைய வாரண்டி அட்டையில ஒரு அளவுக்கு மேல போனா செல்லாதுன்னு பொடி எழுத்துல இருக்கும். அதிகமா இருந்தா சாஃப்ட்னர் வெக்கணும், அந்தச் செலவையும் இப்பவே கூட்டிக்கோ. டேங்க்குக்குள்ள மெக்னீசியம் ஆனோட் ராடு ஒண்ணு இருக்கும், டேங்க் துருப்பிடிக்காம தான் கரையறதுக்குன்னே வெச்சது. வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பார்த்து, தேஞ்சிருந்தா மாத்தச் சொல்லு. சர்வீஸ் ஆள் அதைக் கேக்காம பண்ண மாட்டான், நீதான் பேர் சொல்லிக் கேக்கணும்.

இன்னொண்ணு, இதை அத்தைகிட்டயும் சொல்லிடு. குழாயைத் திறந்தா வெந்நீர் வருதேன்னு அதையே பிடிச்சு காபி போடறது, அரிசி வேக வைக்கறது கூடவே கூடாது. நம்ம மாவட்டத்து நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு அதிகம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல்லுல காவிக் கறையோட, வளைஞ்ச காலோட எத்தனை பேரை ஊர்ல பார்த்திருக்கோம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் அதிகபட்ச அளவு. தண்ணியைச் சூடு பண்ணா ஃபுளோரைடு போகாது, கொதிச்சு வத்தினா இன்னும் கூடத்தான் செய்யும். 2008-ல அடிக்கல் போட்டு 2013-ல திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதுக்காகத்தானே வந்தது. குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் ஒகேனக்கல் தண்ணி, குளிக்க மட்டும் ஹீட் பம்ப். பிளம்பர்கிட்ட சொல்லி, சமையல் ரூம்ல குடிக்க, சமைக்கப் பிடிக்கிற குழாய்க்கு இந்த லைனை இழுக்கவே விடாத. பாத்திரம் கழுவ வேணும்னா சிங்க்குக்கு மட்டும் தனிக் குழாய், அதுல ஒரு சிவப்பு அடையாளம்.

காசு கட்டற அன்னைக்கு

கொட்டேஷன் எழுத்துல வேணும். டேங்க் எத்தனை லிட்டர், எந்த வாயு, மேடை யார் போடறது, பைப், உறை, ஆர்சிசிபி, ரப்பர், கிரேன் அல்லது தூக்கற கூலி, எல்லாம் அதுல இருக்கட்டும். ஆர் 290ன்னு போட்டிருந்தா அது புரொப்பேன், தீப்பிடிக்கிற வாயு. மெஷினுக்கு அது கெடுதல் இல்ல, ஆனா திறந்த வெளியிலதான் வைக்கணும், அதைத் தெரிஞ்ச ஆள்தான் கை வைக்கணும். சர்வீஸ் ஆள் எங்கருந்து வருவாருன்னு கேளு. சேலத்துலருந்தோ ஓசூர்லருந்தோ வர்றாருன்னா பரவாயில்ல. பெங்களூர்லருந்துதான்னு சொன்னா, வர எத்தனை நாள் ஆகும்னு பில்லுலயே எழுதச் சொல்லு. டேங்க்குக்கு, கம்ப்ரசருக்கு, மத்ததுக்குன்னு வாரண்டி வேற வேற வருஷம் இருக்கும், மூணையும் தனித்தனியாக் கேளு.

பாதிப் பணம் மட்டும் முன்னாடி குடு. மீதியை, தண்ணி 55 டிகிரிக்கு ஏறி, நீ மீட்டர்ல எத்தனை யூனிட் ஓடுச்சுன்னு பார்த்த பிறகு குடு. 150 லிட்டருக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல ரொம்பத் தாண்டினா உதவிக் காயில் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். செட்டிங்ல அதை அணைச்சு வெச்சுட்டு மறுநாள் திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொல்லு. பில், வாரண்டி அட்டை, தண்ணி ஆய்வுச் சீட்டு, ஈபி லோடு ரசீது, பிளான் நகல் அஞ்சும் ஒரே ஃபைல்ல போட்டு பீரோல வை. இன்ஜினியர் அடுத்த வாரம் மாடி சிலாப்புக்குக் கம்பி கட்ட வர்றாருன்னு சொன்னே இல்ல, மேடை எங்கன்னு அன்னைக்கே அவர்கிட்ட சாக்பீஸ்ல குறிச்சுக் காட்டச் சொல்லி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.